அண்ணா போர்த்தாத சிவப்புச் சால்வை

நினைவு மலர் பிறந்த ஊரோடு தொடங்க வேண்டும் என்பது வழக்கம். அது எனக்கும் தெரியும். பலேர்மோவில் நம்மவர்கள் அச்சிட்ட மலர்களில் பலவற்றுக்கு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தவள் நான். ஆகவே வழக்கப்படியே தொடங்குகிறேன். வழக்கப்படியே முடிப்பேன் என்று வாக்குத் தர முடியாது.

அண்ணா வடமராட்சியில், கடலுக்கும் பனங்கூடலுக்கும் நடுவே இருந்த ஒரு சிற்றூரில், எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகனாகப் பிறந்தார். அவருக்குப் பின் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நாலாவது நான். ஐயா ஆசிரியராகவோ தபாலதிபராகவோ இருந்திருந்தால் அதை இந்த இடத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பேன். மற்றத் தொழில்கள் என்றால் "உழைப்பால் உயர்ந்தவர்" என்று ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போவதுதான் மலர்களின் வழக்கம். எங்கள் ஐயா ஊருக்குத் துணி வெளுத்தவர். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இது புதினமும் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய முதல் கிழமையே "ஊரிலை எவடம்? ஆற்றை பிள்ளை?" என்று கேட்டு அறிந்துகொண்டீர்கள். நான் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லித் தப்பப் பார்த்தேன். தப்ப முடியவில்லை.

ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் ஐயா வந்து பந்தலுக்கு வெள்ளைச் சீலை கட்டி, நிலத்தில் வெள்ளை விரிக்காமல் பிரேதம் வாசற்படலை தாண்டாது. அவ்வளவு வேண்டியவர். ஆனால் அந்தக் கை தொட்ட செம்பில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஐயாவிடம் ஒரு சால்வை இருந்தது. தோளில் போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டு வெளிக்கிடுவார். ஒழுங்கையில் எதிரே ஆள் வந்தால் அது தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குள் போகும். ஆள் போனதும் திரும்பவும் தோளுக்கு ஏறும். சந்தைக்குப் போய் வருவதற்குள் பத்துத் தரம் ஏறி இறங்கும். அண்ணா சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் கேட்டாராம்:

"ஐயா, சால்வை ஏன் ஓடி ஓடி ஒளிக்குது?"

"அதுக்கு வெக்கமடா," என்றாராம் ஐயா.

அண்ணா அதன் பிறகு சால்வையைத் தொடவில்லை. தன் கலியாணத்துக்கும் வேட்டியும் சட்டையும்தான். மாப்பிள்ளை வெறுந்தோளோடு நிற்கக்கூடாது என்று அம்மா அழுதபோது, "எனக்குப் புழுங்குது அம்மா" என்று சொல்லிவிட்டார்.

இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனோம். அங்கே அண்ணா சைக்கிள் திருத்தினார், வயல் செய்தார், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினார். கடைசிச் சண்டையில் அண்ணியும் மகளும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அன்று அவர்களை மூட அண்ணாவிடம் ஒரு துண்டுச் சீலை இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் வெள்ளை விரித்தவரின் மகன் மண்ணைத்தான் அள்ளிப் போட்டார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் கதைத்தார். நானும் இங்கே இதற்கு மேல் எழுதவில்லை.

அதற்கு முன்பே நான் இத்தாலிக்கு வந்து, இங்கே பலேர்மோவில் போர்கோ வெக்கியோப் பகுதியில் குடியிருந்தேன். அண்ணாவை எப்படியோ அழைத்துக்கொண்டேன். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையக வாசலில் வரிசையில் நின்று நின்று அவருடைய பெர்மெஸோ, அந்த வதிவிட அனுமதி, கையில் கிடைக்கும்வரை எனக்கு உயிர் இல்லை. அவர் என்னோடு தங்காமல் பல்லரோச் சந்தைக்குப் பின்னால், பொது முற்றத்தைப் பார்த்த கீழ்வீட்டு அறை ஒன்றைத் தேடிக்கொண்டார். மாடிப்படிகள் கழுவினார். பிறகு பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின், வயதான இத்தாலிய அம்மா ஒருவரின், பழைய வில்லாவில் வேலை கிடைத்தது. காலையில் ரயிலில் போய்ப் பின்னேரம் வருவார்.

அந்தச் சிஞ்ஞோராவின் கணவர் இளமையில் இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் நெடுநாள் தங்கியிருந்தவராம். நாகா மக்கள் நெய்த சால்வைகளை இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். கணவர் காலமான பிறகு பெட்டிகளைத் திறக்க ஆளில்லை. படி கழுவப் போன அண்ணா, மேல்மாடியில் மணத்தைப் பிடித்துவிட்டார். நேரே கீழே வந்து, "சிஞ்ஞோரா, மேலே துணி சாகுது" என்றாராம். அவருடைய இத்தாலியன் அவ்வளவுதான். ஆனால் சிஞ்ஞோராவுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து பெட்டிச் சாவி அண்ணாவிடம். வெயில் படாத காற்றில் விரிப்பது, மென்மையான தூரிகையால் பூச்சி தட்டுவது, மடிப்பு விழுந்த இடத்திலேயே மறுபடி மடிக்காமல் இடம் மாற்றி மடிப்பது, எல்லாம் அவர் வேலை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கக்கத்துக்குள் ஒளித்த சால்வையோடு இந்த அறிவும் எங்கள் வீட்டில் இருந்தது.

ஒரு நாள் ரயிலில் இருந்து போன் எடுத்தார். அப்படிச் சந்தோசமான குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"தங்கச்சி, இது ஆற்றை துணி தெரியுமே? நாகர்! எங்கட ஆக்கள்! நாகதீபம், நாகர்கோயில் எண்டெல்லாம் சொல்லுறமே, அந்த நாகர்!"

"உண்மையாவோ அண்ணா?"

"சிஞ்ஞோரா 'நாகா' எண்டுதான் சொன்னவ. நான் பிழையாக் கேப்பனே?"

அவர் கேட்டது பிழை இல்லை. நினைத்ததுதான் பிழை. நாகர்தான் எங்கள் மூதாதையர் என்று கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து ஆளைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிழை வராது. ஒரு மாதமாக நாங்கள் இருவரும் அந்தப் பெருமையில் மிதந்தோம். அதற்குள் அண்ணா உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லியும் விட்டார். பிறகு சிஞ்ஞோரா உலகப் படத்தை விரித்து விரலை வைத்துக் காட்டினார். எங்களுக்கும் அந்த மலைக்கும் நடுவில் ஒரு முழு வங்காள விரிகுடா கிடந்தது. அண்ணா தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாராம்.

அந்த வில்லாவுக்கு மாதம் ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரி வருவார். நாகா மலையில் பிறந்தவர். இங்கே ஒரு மடத்தில் இருந்துகொண்டு தனித்திருக்கும் முதியவர்களைப் பார்த்து வருபவர். அவரும் அண்ணாவும் இரண்டு விதமான ஓட்டை இத்தாலியனில் கதைத்தே நல்ல சிநேகிதராகிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். அண்ணா பெட்டியிலிருந்து ஒரு சால்வையை எடுத்து மேசையில் விரித்தார். சிவப்பும் கருப்பும் பட்டை பட்டையாக. மூன்று ஒடுக்கமான துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. பெண்கள் நிலத்தில் இருந்து, தறியின் ஒரு முனையை இடுப்பில் கட்டி நெய்வதால் துணி அவ்வளவு அகலம்தான் வரும் என்று சிஸ்டர் சொன்னார். நடுத்துண்டு வெள்ளை. அதில் ஆண்கள் கருமையால் எழுதிய யானை, புலி, காட்டெருமை, சேவல், ஈட்டி. வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களும் இருந்தன. என்னவென்று கேட்டேன்.

"மனிதத் தலைகள்," என்றார் சிஸ்டர், தேத்தண்ணீரை ஊதியபடி. "இதைப் போர்க்க எல்லாராலும் முடியாது. பழைய காலத்தில் எதிரியின் தலையைக் கொண்டுவந்தவனுக்கும் ஊருக்கு விருந்து வைத்தவனுக்கும்தான் இந்த மாதிரிச் சால்வை. ஊர் முழுவதையும் கூப்பிட்டு, மாடு வெட்டி, ஒருவர் விடாமல் சோறு போட வேண்டும். தகுதி இல்லாமல் போர்த்தால் நோய் வரும், சாவு வரும் என்பார்கள்."

"இன்ன குடும்பத்தில பிறக்க வேணும் எண்டு இல்லையோ?" என்று கேட்டார் அண்ணா.

"செய்ய வேண்டும். செய்தவனுக்குத்தான்."

அண்ணா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "கேட்டியே தங்கச்சி? தலை எனக்கு வேண்டாம். தலையள் விழுந்ததை வன்னியிலை காணுமெண்ட அளவுக்குப் பாத்திட்டன். ஆனா சோறு போட்டும் எடுக்கலாமாம்!"

சிஸ்டர் நேர்மையானவர். இப்போது அதெல்லாம் இல்லை, சனம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்ததும் அந்த விருந்துகள் நின்றுவிட்டன, சால்வையைக் கடையில் யாரும் வாங்கலாம், மந்திரிமார் வந்து இறங்கினால் தோளில் போட்டுப் படம் எடுக்கிறார்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. பொன்னாடை வியாதி மலைக்கும் ஏறிவிட்டதே! அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. "அது இப்பத்தைச் சால்வை. இது பழசு, இதுக்குப் பழைய சட்டம்" என்று சொல்லி மடித்து வைத்தார். தான் செத்தால் பிள்ளைகள் எல்லாவற்றையும் விற்றுவிடுவார்கள், அதை நீயே கொண்டு போ என்று சிஞ்ஞோரா அன்றே சொன்னார். "இப்ப வேண்டாம் சிஞ்ஞோரா. விருந்து வைச்சிட்டு வந்து எடுக்கிறன்" என்றார் அண்ணா.

அதுதான் அவருடைய ஆசை. ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதன் தன் தோளில் ஒரு துணியைப் போடுவதற்கு ஆசைப்பட்டார்.

இதற்கிடையில் நாகர் கதை இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆண்டு விழாவுக்கு ஒரு பெரியவர் வெளிநாட்டிலிருந்து வருகிறார், தமிழரின் ஆதி நெசவான நாகர் சால்வையை அவருக்குப் பொன்னாடையாகப் போர்த்த வேண்டும் என்று அப்போதைய தலைவர் அண்ணாவின் அறைக்கே வந்துவிட்டார். அந்த முற்றத்துக்கு அவர் வந்த முதல் நாள் அது. அன்று அங்கே இருந்த நான் கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

"அது எங்கட நாகர் இல்லை ஐயா. நான்தான் முதல்லை பிழையா விளங்கினனான். இது வேறை சனம்," என்றார் அண்ணா.

"அது ஆருக்குத் தெரியப் போகுது? நீங்கள் துணியைத் தாங்கோ. மேடையிலை விளக்கத்தை நான் குடுக்கிறன்."

"அதோடை, அது கண்டபடி ஆருக்கும் போடுறேல்லை. அதுக்கு ஒரு தகுதி வேணும்."

தலைவர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "தகுதி! தகுதியைப் பற்றி ஆர் கதைக்கிறதெண்டு ஒரு முறை இல்லையே? உன்ரை கொப்பன் தோளிலை போடாததை நீ பெட்டிக்கை பூட்டி வைச்சிருக்கிறாய்."

"நீங்கள்" என்று தொடங்கிய வாய் "நீ"க்கு வர இரண்டு வசனம்தான் எடுத்தது. அண்ணா அடுத்த கிழமை விருந்துக்கு நாள் வைத்தார்.

நான் வேண்டாம் என்றேன். உண்மையை எழுத வேண்டும் அல்லவா? எனக்குப் பயம். இத்தனை வருடமாக உங்களோடு சிரித்து, உங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, எப்படியோ ஒட்டிக்கொண்டு இருக்கிறேன். இவர் வந்து அதைக் கிளறப்போகிறாரே என்று நினைத்தேன். அண்ணா கேட்கவில்லை. நம்முடைய வழக்கப்படி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "விசேஷம் ஒண்டும் இல்லை. சும்மா சாப்பிட வாங்கோ." எல்லாரும் "ஓம், கட்டாயம் வாறம்" என்றீர்கள். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் அவர் நம்பினார்.

இரண்டு நாள் சமைத்தோம். பல்லரோவில் ஆட்டிறைச்சிக் கடைக்காரர் கேட்காமலே எலும்பு கூடப் போட்டுக் கொடுத்தார். மேல்வீட்டுச் சிசிலியக் கிழவி தன் பெரிய சமையல் கிடாரத்தை இறக்கித் தந்தார். நாகா விருந்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து நின்றுதான் கொடுக்க வேண்டுமாம். "அண்ணி இல்லை. அந்த இடத்திலை நீ நில் தங்கச்சி," என்றார். நின்றேன். முற்றத்தில் மேசைகள் போட்டு, வாழையிலைக்குப் பதில் காகிதத் தட்டுகளை அடுக்கினோம். தோளில் ஒன்றும் இல்லாமல், புதுச் சட்டையோடு, அண்ணா வாசலில் நின்றார்.

பந்திக்கு முந்து என்று பழமொழி வைத்திருக்கிற சனம் நாங்கள். அன்று ஒரு மணியாகியும் ஒருவரும் இல்லை. இரண்டு மணிக்குச் சிலர் வந்தீர்கள். பதினான்கு பேர். அண்ணாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தட்டை நீட்டினார்.

"இப்பதான் சாப்பிட்டனாங்கள்."

"டொக்டர் இறைச்சி வேண்டாமெண்டவர்."

"அவசரமாப் போகோணும். ஒரு கசோசா இருந்தாத் தாங்கோ, காணும்."

கசோசா. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக இதை விளக்க வேண்டியிருக்கிறது. உங்களுடைய அப்பா அம்மா சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஊரில் எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்கு, வராமல் விடவும் முடியாமல் பெரியவர்கள் வர நேர்ந்தால், அந்த வீட்டில் அவித்ததைத் தொட மாட்டார்கள். தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். கடையிலிருந்து மூடி திறக்காத சோடாப் போத்தலை வாங்கி வந்து, அவர்கள் கண் முன்னால் உடைத்துக் கொடுக்க வேண்டும். அதை நின்றபடி குடித்துவிட்டுப் போவார்கள். மரியாதையும் காத்தாயிற்று, வயிறும் காத்தாயிற்று. கடல் கடந்து, கள்ளமாய் எல்லை கடந்து, ஒரே லொறியில் ஒரே போத்தல் தண்ணீரை வாய் வைத்துக் குடித்து வந்து சேர்ந்த ஆட்கள், பலேர்மோவில் அந்தச் சோடாவைக் கசோசா என்று கேட்டீர்கள்.

பதினான்கு பேரும் கேட்டீர்கள். கலந்து பேசி வந்தீர்களோ, தானாய் வந்ததோ எனக்குத் தெரியாது. அண்ணா ஒவ்வொரு போத்தலாக உங்கள் முன்னால் மூடி திறந்து கொடுத்தார். அவருக்கும் முறை தெரியும்தானே. ஒரு சின்னப் பிள்ளை மேசைக்கு வந்து இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்தது. தாய் அதைக் கையிலிருந்து பிடுங்கித் தட்டில் திரும்ப வைத்தார். "மம்மா, ஓ ஃபாமே! எனக்குப் பசிக்குது!" என்று அந்தப் பிள்ளை கத்தியது முற்றம் முழுக்கக் கேட்டது. அண்ணா அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாப்பிட்டவர்கள் இவர்கள்: சிஸ்டரும் அவரோடு வந்த இன்னொரு சிஸ்டரும், மேல்வீட்டுக் கிழவி, இறைச்சிக் கடைக்காரர், பக்கத்துக் கடை வங்காளதேசத்துக்காரரின் குடும்பம், நானும் என் வீட்டாரும். மிச்சம் முழுவதும் பின்னேரம் ஏழைகளின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. அங்கே ருசித்துச் சாப்பிட்டார்களாம். ஊருக்கு வெளியே ஆயிரம் பேர் சாப்பிட்டாலும் அந்தச் சால்வை வராது. ஊர் சாப்பிட வேண்டும். அதுதான் சட்டம். அண்ணா கிடாரத்தைத் தேய்த்துக் கழுவினார். காலியான பதினான்கு போத்தல்களையும் ஒரு பெட்டியில் அடுக்கினார்.

"ஐயாட்டையும் சோடாதான் கேட்டவை," என்றார். நான் சத்தம் போட்டு அழுதேன். என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமாம்.

மறுநாள் பகேரியாவுக்குப் போய்ச் சால்வையைப் பெட்டியின் ஆக அடியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சிஞ்ஞோராவிடம் கொடுத்துவிட்டார். வேலைக்குத் தொடர்ந்து போனார். பெட்டிகளை மட்டும் திறக்கவில்லை. பிறகு சாப்பாடு குறைந்தது, உடம்பு மெலிந்தது. டொக்டர்மார் வயிற்றில் ஒரு நோயைக் கண்டுபிடித்து அதற்கு நீண்ட பெயர் சொன்னார்கள். நல்லவர்கள், தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். விருந்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் அதை ஏற்கவில்லை.

கடைசிக் கிழமையில் என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"சிஞ்ஞோரா அந்தச் சிவப்பைக் கொண்டருவா. என்ரை மேலை போட விடாதை, தங்கச்சி. அது களவு."

"நீங்கள் சமைச்சீங்கள்தானே அண்ணா! கூப்பிட்டீங்கள்தானே!"

"சமைச்சாக் காணாதடி. ஆக்கள் சாப்பிடவேணும்."

செத்தவீட்டுக்கு எல்லாரும் வந்தீர்கள். மண்டபம் கொள்ளவில்லை, வெளியிலும் நின்றீர்கள். செத்தவீட்டுக்கு வராவிட்டால் ஊர் பேசும். சங்கத்தின் சார்பில் பொன்னாடை கொண்டுவந்து அண்ணாவுக்குப் போர்த்தினார்கள். தங்கச் சரிகை போலப் பளபளக்கும் நைலோன். விலைச்சீட்டின் நூல் ஒரு ஓரத்தில் தொங்கியது. தோளில் ஒரு நாளும் சால்வை போடாத மனிதனின் தோளில் அது கிடந்தது. எடுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே இத்தனை பக்கம் நீளுகிற வாய் அன்று எங்கே போனதோ தெரியவில்லை. பிறகு சிஞ்ஞோரா வந்தார். எண்பது வயது தாண்டியவர், சிவப்புச் சால்வையை வெள்ளைக் காகிதத்தில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்து வந்தார். நான் அவரை வழியில் மறித்து, வேண்டாம், அண்ணாவின் சொல் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பொன்னாடையைக் காட்டி, "இது ஆகும், அது ஆகாதா?" என்று கேட்டார். நான் வழி விடவில்லை. அப்படியே திரும்பிப் போனார். அண்ணா நைலோனோடு எரிந்தார்.

நான் அன்று செய்தது சரியா என்று ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்கிறேன். சிஸ்டரிடமும் கேட்டேன். அவர் அழுதார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணாவை நோயில் பார்த்துக்கொண்ட சிஸ்டருக்கும், தினமும் சூப் இறக்கித் தந்த மேல்வீட்டுக் கிழவிக்கும், பகேரியாச் சிஞ்ஞோராவுக்கும், இறைச்சிக் கடைக்காரருக்கும், வங்காளதேசத்துக் குடும்பத்துக்கும் என் தலை தாழ்ந்த நன்றி. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் நன்றி.

கிருத்தியம் முடிந்ததும் சாப்பாடு. அதே முற்றம், அதே கிடாரம். ஐயரின் சொற்படி இன்று மரக்கறிதான். நானே சமைத்தேன், வேறு யாரும் கை வைக்கவில்லை. செத்தவருக்கு இனி எந்தச் சால்வையும் வராது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் சிஞ்ஞோராவிடம் கேட்டு அந்தச் சிவப்பை வாங்கிவந்து அண்ணாவின் படத்துக்குக் கீழே மடித்தபடி வைத்திருக்கிறேன். விரிக்கவில்லை. விரிப்பதா, மடித்தபடியே பகேரியாவுக்குத் திருப்பி அனுப்புவதா என்பது பந்தி முடியத் தெரியும்.

இருந்து சாப்பிட்டுப் போங்கள். தாகத்துக்கு எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் செம்பில் இருக்கிறது. கசோசா வாங்கவில்லை.

இப்படிக்கு,
தங்கச்சி